கார்டு மிஷினுக்குள் ஒரு காவல்காரன்

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. பில் மேஜையில் நல்ல கூட்டம். கார்டு மிஷினில் சர்க்கரைத் தூள் புகுந்து 5-ஆம் நம்பர் பட்டன் அழுந்தவில்லை என்று, நமது கடைப் பையன் பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான். திரையில் ‘டாம்பர்’ என்று ஒரு சொல் வந்தது. அதோடு சரி. மாற்று மிஷின் வந்தது நான்காம் நாள். அதற்குள் கார்டை நீட்டியவர்களில் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

மாற்ற வந்த தம்பி, “கெடவில்லை அய்யா, அது தன் வேலையைச் செய்திருக்கிறது” என்றார். அவர் சொன்னதையும், பிறகு நாம் விசாரித்து அறிந்ததையும் வணிகப் பெருமக்களுக்குப் பயன்படும் என்று இங்கே தருகிறோம்.

வாடிக்கையாளர் அழுத்தும் பின் நம்பரை மிஷின் ஒரு ரகசியச் சாவி எண்ணால் பூட்டித்தான் வங்கிக்கு அனுப்புகிறது. அந்தச் சாவி உள்ளே ஒரு சிப்பில் இருக்கிறது. சிப்பைச் சுற்றி முடியிழை போன்ற கம்பித் தடங்கள் வலையாக ஓடுகின்றன. மூடிக்கு அடியில் சிறு சுவிட்சுகள். மூடி விலகினாலோ ஒரு தடம் அறுந்தாலோ சாவி அக்கணமே அழிக்கப்படும். எலக்ட்ரானிக் தராசின் ஈய முத்திரை, யாரோ பிரித்ததைப் பின்னால் வரும் ஆய்வாளருக்குக் காட்டிக்கொடுக்கும். இங்கோ திருடன் பூட்டை உடைக்கும்போதே பெட்டி காலியாகிவிடும்.

இந்தக் காவலுக்கு லீவு கிடையாது. மிஷினை அணைத்தாலும், பெரிய பேட்டரி இறங்கினாலும் நடக்கவேண்டும். அதற்காகவே பல மிஷின்களில் ஒரு பட்டன் செல் வைத்திருக்கிறார்கள். இதன் சிக்கனம் நமக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 2032 என்ற செல்லின் கையிருப்பு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. காவலுக்கு 5 மைக்ரோ ஆம்பியர் மட்டும் செலவானால் 44,000 மணி நேரம், அதாவது 5 வருடம் வரும். 50 செலவானால் ஆறே மாதம். ஆகையால் பெரிய சிப்பைத் தூங்கவிட்டு, சிறு சுற்று ஒன்று மட்டும் விழித்திருந்து, சற்று நேரத்துக்கு ஒருமுறை கம்பிகளைத் தட்டிப் பார்க்கும். இடைவெளி கூடினால் திருடனுக்கு வசதி, குறைந்தால் செல்லுக்குச் செலவு.

இத்தனை இருந்தும் ஓட்டை விழாமல் இல்லை. 2008-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இங்கிலாந்துக் கடைகளில் புழங்கிய இரண்டு மாடல்களில் காவல் எட்டாத இடம் பார்த்துக் கம்பியைச் செருகி, கார்டுக்குப் போகும் பின் நம்பரைப் படித்துக் காட்டினார்கள். ஒன்றுக்குப் பயன்பட்டது சாதாரண காகிதக் கிளிப்!

ஸ்குரூ டிரைவர் இப்போது நமது பில் மேஜையில் இல்லை. பட்டன்களை உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கிறோம். சும்மா கிடக்கும் இரண்டாவது மிஷினுக்கும் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுகிறோம். பெரிய பேட்டரி வெறுமையாகக் கிடந்தால் பட்டன் செல் கரையும், அது தீர்ந்தாலும் அதே ‘டாம்பர்’தான். மிஷினின் அடியிலுள்ள வரிசை எண்ணைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். சர்வீஸ் என்று யார் வந்துபோனாலும், அவர் படியிறங்கியதும் அதை ஒத்துப் பார்ப்பது அந்தப் பையனின் பொறுப்பு.