மீனுக்கும் காய்ச்சல் வரும்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “தொட்டியில் உள்ள கோய் கெண்டைகளில் ஒன்று மட்டும் இரண்டு நாளாக ஹீட்டரை ஒட்டியே நிற்கிறது. கோளாறு ஹீட்டரிலா, மீனிலா?”

முதலில் மீனைக் கவனியுங்கள். அதற்குக் காய்ச்சல் தேவைப்படலாம்.

கெண்டை போன்ற மீனால் தன் உடலை உள்ளிருந்து சூடேற்றிக்கொள்ள முடியாது. கிருமி தாக்கினால், வெதுவெதுப்பான தண்ணீரைத் தேடிப் போய்க் காய்ச்சலை வரவழைத்துக்கொள்ளும். 1970களில் முதலில் பாலைவனப் பல்லி இனம் ஒன்றிடமும், பிறகு நன்னீர் மீன்களிடமும் இதைக் கண்டறிந்தார்கள். வரலாறு இவ்வளவு போதும். சுவையான பகுதி 2017இல் வந்தது.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24, 28, 32 டிகிரி என மூன்று வெப்பநிலைகளில் தண்ணீர் நிரம்பிய அறைகளை ஒன்றோடொன்று இணைத்து, கெண்டைகளை அவற்றில் விட்டார்கள். நலமாக இருந்தவை 24 டிகிரி அறையையே விரும்பின. கெண்டைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸ் தொற்றியவையோ, நோய் முற்றியதும் 32 டிகிரி அறைக்கு இடம்பெயர்ந்தன. 30 டிகிரிக்கு மேல் அந்த வைரஸால் சரியாகப் பெருக முடியாது. சூடான அறைக்குப் போக வழியிருந்த மீன்கள் பிழைத்தன. 24 டிகிரியிலேயே அடைபட்டவை மடிந்தன.

ஆனால் நோய் முற்றும்வரை மீன் ஏன் காத்திருக்கிறது? தொற்று ஏற்பட்டதும் உடலின் செல்கள் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற புரதத்தைச் சுரக்கின்றன. ‘சூட்டைத் தேடிப் போ’ என்று மூளைக்குச் செல்லும் கடிதம் என்று இதை வைத்துக்கொள்ளலாம். வைரஸ் என்ன செய்கிறது தெரியுமா? தெருவெங்கும் போலித் தபால்பெட்டிகளை நட்டுவிடுகிறது. அதே சிவப்பு, அதே வாய். செல்கள் எழுதும் கடிதங்கள் அவற்றில் விழுந்து அங்கேயே கிடக்கின்றன. மீனோ எந்தச் சேதியும் அறியாமல் குளிர்ந்த நீரிலேயே நீந்துகிறது. ஆனால் செல்கள் சளைப்பதில்லை, எழுதிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கட்டத்தில் போலிப் பெட்டிகள் நிரம்பி வழிய, மிஞ்சிய கடிதங்கள் உரிய விலாசத்துக்குப் போய்ச் சேர்கின்றன. அப்போதுதான் மீன் கிளம்புகிறது. அந்த இடைவெளியில் வைரஸ் வேண்டிய மட்டும் பெருகிவிடுகிறது.

இது வெறும் ஊகமில்லை. போலிப் பெட்டியைச் செய்யும் மரபணுவை மட்டும் நீக்கிய வைரஸைச் செலுத்தியபோது, மீன்கள் முன்னதாகவே சூடான அறைக்குப் போய்விட்டன. மூளையற்ற, உயிருள்ளதா என்றே வாதத்துக்குரிய ஒரு துகள், ஒரு முதுகெலும்பியின் முடிவைத் தள்ளிப்போட வைக்கிறது!

இதைப் படித்துவிட்டு ஹீட்டரைத் திருகிவிடாதீர்கள். ‘சூட்டை ஏற்றினால் எல்லா நோயும் போகும்’ என்று வலம்வரும் யோசனை ஆபத்தானது. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி சூட்டில் தடுமாறுவது உண்மைதான். ஆனால் செவுளை அரிக்கும் காலம்னாரிஸ் பாக்டீரியாவுக்குச் சூடுதான் கொண்டாட்டம். அதோடு, 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனின் தேவையோ சூட்டோடு சேர்ந்து ஏறும். நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்றால், அது மூச்சுக்குத் தவிக்கிறது. ஏர் பம்ப்பை உடனே ஓடவிடுங்கள்.

குளிர்காலமாக இருந்து, எல்லா மீன்களுமே ஹீட்டரிடம் கூடினால், தண்ணீர் சில்லிட்டிருக்கிறது என்றுதான் பொருள். ஒன்று மட்டும் ஒதுங்கினால் செவுள், துடுப்பு, தோல் மூன்றையும் பாருங்கள். மீன்வள மருத்துவரைக் கேளுங்கள். குளத்து மீனுக்கு வெயில் படும் மேல்நீரும் நிழல்படிந்த ஆழமும் உண்டு. எங்கும் ஒரே சூடாக வைத்திருக்கும் தொட்டியில் அதன் முதல் மருந்தையே நாம் பறித்துவிடுகிறோம். பெரிய தொட்டி என்றால் ஹீட்டரை ஒரு கோடியில் வையுங்கள். மறுகோடி சற்றுக் குளிர்ந்தே இருக்கட்டும். எது தேவை என்பதை மீன் முடிவு செய்துகொள்ளும்.