வங்கி ஏலத்தில் வீடு: விலை ஏன் குறைவு, பணம் எங்கே மாட்டும்?

வெளியில் 60 லட்சம் போகிற ஃபிளாட், வங்கி ஏல விளம்பரத்தில் 45 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பார்த்ததும் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனா அந்த 15 லட்சம் சும்மா கிடைக்கிற தள்ளுபடி இல்லை. வீட்டோட சிக்கல்களையும் சேர்த்து வாங்கிக்கொள்வதற்கான விலைக் குறைப்பு அது.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் அந்தக் கடன் வாராக்கடன். அதன்பிறகு 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அதற்கும் பணம் வரவில்லை என்றால், வழக்கு போடாமலே வீட்டை எடுத்து ஏலம் விடலாம். பொதுத்துறை வங்கிகளின் ஏலங்களை ‘பேங்க்நெட்’ தளத்தில் பார்க்கலாம்.

விளம்பரத்தில் முதலில் தேட வேண்டியது விலையை அல்ல, ‘பொசெஷன்’ என்ற வார்த்தையை. ‘ஃபிசிக்கல்’ என்றால் சாவி வங்கியிடம் இருக்கிறது. ‘சிம்பாலிக்’ என்றால் காகிதத்தில் மட்டும்தான். உள்ளே பழைய உரிமையாளரோ வாடகைதாரரோ குடியிருக்கலாம். அவர்களை வெளியேற்ற மாவட்ட மாஜிஸ்திரேட் அல்லது தலைமை ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவைப்படலாம். மாதக்கணக்கில் இழுக்கும், இஎம்ஐ மட்டும் உங்கள் கணக்கில் ஓடும். முதல் வீடு வாங்குபவர்கள் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

அடுத்தது பணம். ஜெயித்த அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள், முன்பணத்தையும் சேர்த்து 25% கட்ட வேண்டும். மீதி 75%க்கு விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம். ‘லோன் வந்துடும்’ என்று நம்பி ஏலம் கேட்பவர்கள் மாட்டுவது இங்கேதான். சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா நடத்திய ஓர் ஏலத்தில் 12.27 கோடிக்குக் கேட்டவரால் மீதியைக் கட்ட முடியவில்லை. மறு ஏலத்தில் வங்கிக்கு அதைவிட அதிக விலை கிடைத்தது. அப்படியும், அவர் கட்டியிருந்த 3 கோடிக்கு மேற்பட்ட 25% தொகை முழுவதையும் வங்கி பறிமுதல் செய்தது சரி என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கடன் ஒப்புதல் கையில் இல்லாமல் ஏலம் கேட்காதீர்கள்.

‘உள்ளது உள்ளபடியே’ என்ற வரி எல்லா விளம்பரத்திலும் இருக்கும். சொத்து வரி, அபார்ட்மெண்ட் பராமரிப்பு பாக்கி எல்லாம் உங்கள் தலையில் விழலாம். விதிகளில் இடமிருந்தால், பழைய மின் பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின் நிறுவனம் நிபந்தனை போடலாம்; 2023இல் உச்ச நீதிமன்றமே இதை ஏற்றது. வில்லங்கச் சான்றை மட்டும் நம்ப முடியாது. கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் கடன்காரர் போட்ட வழக்கு அதில் தெரியாமல் போகலாம். தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் கடன்காரர் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

சரி, ஏலத்துக்குப் போவது உங்கள் வீடாகவே இருந்தால்? நோட்டீஸ் வந்த வாரமே வங்கிக்குப் போய், நீங்களே ஆள் பார்த்து விற்க அனுமதி கேளுங்கள். வாங்குபவர் பணத்தை நேரடியாகக் கடன் கணக்கில் கட்டுவார், வங்கி பத்திரத்தை விடுவிக்கும். ஏலத்தைவிட பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கும். விற்றும் கடன் தீராது என்றால் ஒரே தவணை செட்டில்மென்ட் பேசலாம். ஆனா சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், அடுத்த கடன் கஷ்டம். தள்ளிப்போட மட்டும் வேண்டாம். ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால், முழுக் கடனையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமையே போய்விடும் என்பது 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நிலை. ஏலத்தில் கடனைவிட அதிகம் வந்தால் மிச்சம் உங்களுக்கு. குறைந்தால் பாக்கிக்கு வங்கி மறுபடியும் உங்களிடம்தான் வரும்.