மண்டாவும் பௌதிகமும்

கொழும்புத்துறையிலிருந்து பூநகரிப் பக்கமாகப் பரந்து கிடக்கும் கடனீரேரி ஆழங் குறைந்தது. காற்றடங்கிய இருளிரவிலே சூளேந்தி நடந்து, மண்டாவினால் மீன் குத்துதல் பழந்தொழில். ஓலைச்சூள் போய்ப் பெற்றோமாக்ஸ் வந்தது. இன்று மின்கல விளக்கு. கண்ணை ஏமாற்றும் நீரின் குணமோ மாறவில்லை.

வகுப்பிற் கற்ற பௌதிகத்தை இங்கே நினைவுகூர்வோம். நீரின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.33. நேர்மேலே நின்று நோக்கின், 4 அடி ஆழத்து மீன் 3 அடியில் நிற்பதாகத் தோன்றும். சாய்ந்து நோக்கின் பிழை இன்னும் பெருகும். ஆதலாற் காணும் மீனுக்குக் கீழே குறிவைத்தல் வேண்டும். (சோதனையிற் புள்ளி வாங்கிய நம்மவர் பலர் நீரில் இறங்கியதும் இதனை மறந்துவிடுகிறோம்!)

திருக்கையின் தசை இறுகியது. எதிர்முள்ளுள்ள தடித்த ஒற்றையலகு அதற்குப் போதும். கிளக்கனோ விரைவுடையது, அஞ்சினால் மணலுட் புதையும், தசையும் மிக மெல்லியது. தடித்த அலகு பட்டாற் கிழிந்து நழுவிவிடும். அங்ஙனம் நழுவிய மீன் கறிச்சட்டிக்குமில்லை, கடலுக்குமில்லை. மெல்லிய அலகுகள் பலவற்றை நெருக்கியமைத்த மண்டாவாயின், இழுவை ஓரிடத்தில் விழாது பகிரப்படும். என்புறுதியுள்ள தலையின் பின்புறமே குத்துமிடம். குத்தியவுடன் தூக்கலாகாது, நிலத்தோடு அழுத்திப் பிடித்து, மறுகையைக் கீழே கொடுத்தே எடுத்தல் வேண்டும். ஓடும் மீனைத் துரத்துவது நீரைக் கலக்குவதன்றி வேறில்லை. ஒளியில் மயங்கி அது நிற்குங் கணத்துக்காகக் காத்திருத்தலே முறை.