வலை கட்டியவர்களே காவலுக்கு நின்றார்கள்

ஐப்பசியில் நமக்கு மழை கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்று இருக்கிறதே, அதில் ஏறி ஆப்பிரிக்காவுக்குப் போகிற ஒரு பறவை உண்டு. அதன் பெயர் அமூர் வல்லூறு.

சைபீரியா, மங்கோலியா, வட சீனா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கியதும் கிளம்பிவிடும். போய்ச் சேருவது ஆப்பிரிக்காவின் தென்பகுதியில். எடை சுமார் 150 கிராம்தான். நல்ல மாம்பழம் ஒன்று இதைவிடக் கனக்கும். வழியில் அரபிக்கடல் குறுக்கிடுகிறது. தண்ணீரில் இறங்கி இளைப்பாற இது வாத்து இல்லையே! இரவும் பகலுமாகப் பறந்தே கடக்க வேண்டும்.

அதற்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ள இறங்கும் இடம் நாகாலாந்து. அக்டோபர், நவம்பரில் அங்கே ஈசல் கிளம்பும். வல்லூறு பறந்தபடியே காலால் ஈசலைப் பிடித்து, பறந்தபடியே வாயில் போட்டுக்கொள்ளும். தின்றது கொழுப்பாகச் சேரும். கடல் தாண்ட அதுதான் எரிபொருள்.

வோக்கா மாவட்டத்தில் பாங்தி என்று ஓர் ஊர். பக்கத்தில் டோயாங் ஆற்றில் நீர்மின் அணை கட்டியபோது வயல்கள் பல தண்ணீருக்குள் போய்விட்டன. ஊர்க்காரர்கள் மீன் பிடித்துப் பிழைத்தார்கள். நீர்த்தேக்கத்தின் கரையில் வல்லூறுகள் கூட்டம் கூட்டமாக அடையத் தொடங்கியதும், அதே மீன்வலையை மரங்களுக்கு நடுவே உயரத்தில் கட்டினார்கள். இருட்டும் நேரத்தில் மெல்லிய நைலான் இழை பறவையின் கண்ணுக்குத் தெரியாது. 2012இல் இயற்கைப் பாதுகாப்பு ஆர்வலர்கள் இதைப் படம்பிடித்து வெளியிட்டார்கள். அந்த ஒரு பருவத்தில் மட்டும் லட்சத்துக்கு மேல் பிடிபட்டிருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

அடுத்த ஆண்டே வலைகள் இறங்கிவிட்டன. வனத்துறை பேசியது, தேவாலயங்களில் பேசினார்கள், பிள்ளைகளுக்குச் சூழல் மன்றங்கள் தொடங்கினார்கள். பறவை பிடித்தால் அபராதம் என்று ஊர்ச்சபையே தீர்மானம் போட்டது. பறவை விற்று வந்த வருமானம் போயிற்றே என்று சிலர் வருந்தினார்கள், நியாயமான வருத்தம்தான். ஆனால் வலை கட்டியவர்களே சங்கம் வைத்துக் காவலுக்கு இறங்கியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்த மரத்தில் அடையும், எத்தனை மணிக்கு வரும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

2013 நவம்பரில் விஞ்ஞானிகள் மூன்று பறவைகளின் முதுகில் 5 கிராம் எடையுள்ள, சூரிய ஒளியில் இயங்கும் கருவியைப் பொருத்தினார்கள். அவற்றின் பெயர்கள் நாகா, வோக்கா, பாங்தி. கருவி அனுப்பும் சமிக்ஞையைச் செயற்கைக்கோள் வாங்கித் தரும். தங்கள் ஊர்ப் பெயர் வைத்த பறவை எங்கே பறக்கிறது என்று பாங்தி மக்களால் அறிய முடிந்தது.

கருவி இல்லாமலும் கண்காணிக்கலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, யாரும் சேரலாம். மொட்டைமாடியோ ஏரிக்கரையோ, ஓரிடத்தில் 15 நிமிடமாவது நின்று, பார்த்ததை எழுத வேண்டும். குளிர்காலத்தில் நம் ஊருக்கு வரும் தகைவிலான்கள் மின்கம்பியில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாக எண்ணுவதற்குள் பறந்துவிடும். முதல் பத்தை மட்டும் எண்ணுங்கள். அது கம்பியில் எவ்வளவு நீளம் பிடிக்கிறது என்று பாருங்கள். அதுபோல மொத்தம் எத்தனை பத்து என்று கணக்கிடுங்கள். கம்பி காலியாக இருந்தாலும் அதையும் நோட்டில் எழுதுங்கள். போன வருடம் வந்தவை இந்த வருடம் வரவில்லை என்பது அப்படித்தான் தெரியவரும்.