தனுஷ்கோடிக்கு பைக்ல: தனியா போறதா, கூட்டமா போறதா?

செமஸ்டர் எக்ஸாம் முடியுற அன்னிக்கு ஹாஸ்டல்ல ரெண்டு பிளான் ஓடும். ஒண்ணு, "மச்சான், பத்து பைக், நேரா தனுஷ்கோடி!" கோஷ்டி. இன்னொண்ணு, யாருகிட்டயும் எதுவும் சொல்லாம காலையில நாலரை மணிக்கு ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டு கிளம்புற அமைதியான ஆளு. கோஷ்டி அவனைப் பாத்து "தனியா போறான், லூசா இவன்?"னு கேக்கும். அவன் கோஷ்டியைப் பாத்து "இவங்க எல்லாரும் ஒழுங்கா போய்ச் சேருவாங்களா?"னு நினைப்பான். வீட்டுல கேட்டா ஒரே பதில்தான்: "தனியா மட்டும் போகாதடா, ஃப்ரெண்ட்ஸோட போ."

அந்தப் பதில் சரியா? கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம். நாமதான் இன்ஜினியரிங் படிக்கிறோமே!

முதல்ல ஒரு எண். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் டூவீலரில் வந்தவர்கள். அந்த வருடம் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் நம்ம தமிழ்நாடு. அதனால "ஜாலியா போயிட்டு வருவோம்" என்று சொல்வதற்கு முன்னாடி பத்து நிமிஷம் யோசிக்கிறதுல தப்பே இல்லை.

நான் சொல்ல வர்ற விஷயம் இதுதான். தனியாகப் போகும்போது பெரிய ஆபத்து விழுந்த பிறகு வருகிறது. உதவி வந்து சேர நேரமாகும். கூட்டமாகப் போகும்போது பெரிய ஆபத்து விழுவதற்கு முன்பே வருகிறது. அந்தக் கூட்டமே விழ வைக்கலாம். ரெண்டும் வேற வேற பிரச்சினை. அதனால தீர்வும் வேற வேற.

ரோடு எப்படி?

மதுரையிலிருந்து திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாக ராமேஸ்வரம் சுமார் 170 கிமீ. தேசிய நெடுஞ்சாலை 87. பழைய எண் 49. மதுரையிலிருந்து பரமக்குடி வரைக்கும் நாலு வழிச்சாலை. அதுக்கப்புறம் ராமநாதபுரம் வரை உள்ள 46.7 கிமீ பகுதியை நாலு வழியாக்க 2025 ஜூலையில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்த வேலை முடியும் வரை எதிர் வண்டிக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே. நாலு வழியில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகின கை, பரமக்குடி தாண்டியும் அதே வேகத்தில் போகப் பார்க்கும். அந்த இடத்துலதான் கவனம் வேணும்.

ரெண்டு பக்கமும் சீமைக்கருவேல மரங்கள். அதுக்குள்ளிருந்து ஆடு, மாடு எந்த நிமிஷமும் ரோட்டுக்கு வரும். இன்னொரு விஷயம், போகிற திசை கிழக்கு. விடியற்காலையில் கிளம்பினால் சூரியன் நேரா முகத்துல அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போது மேற்கு, மறுபடியும் முகத்துலயேதான். வைசர் கீறல் விழுந்த ஹெல்மெட்டோட இந்த ரோட்டுக்கு வராதீங்க.

தனி ஆளோட கணக்கு

தனியா போறவனுக்குக் கிடைக்கிற பெரிய லாபம் வேகம்தான். அதிக வேகம்னு அர்த்தம் இல்லை, தன்னோட வேகம். தூக்கம் வந்தா நிறுத்தலாம். காத்து அதிகமா இருந்தா 40-ல போகலாம். பிடிக்கலைன்னா உச்சிப்புளியிலேயே திரும்பி வீட்டுக்கு வந்திரலாம். யாரும் கிண்டல் பண்ண மாட்டாங்க.

ஆனா ஆள் இல்லாத இடத்தில் சறுக்கி, ரோட்டை விட்டு கருவேலங்காட்டுக்குள்ள போய் விழுந்துட்டா? மெயின் ரோட்டில் வண்டி வரத்து இருக்கும், யாராவது பார்ப்பாங்க. சாயல்குடி பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொழுது சாய்ந்த பிறகு அந்த நம்பிக்கை குறைவு. 108-க்கு போன் போக வேண்டும். பேசுகிறவருக்கு இடம் சொல்லத் தெரிய வேண்டும். தனியா போறவன் பயப்பட வேண்டியது இந்த இடைவெளிக்குத்தான்.

நம்ம மாநிலத்துல உதவி வந்து சேர்ந்துட்டா அடுத்த கட்டம் பரவாயில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவருக்குத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, திட்டத்தின் வரம்புக்குள், அரசே ஏற்கிறது. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறவருக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 134A பிரிவு பாதுகாப்பு கொடுக்கிறது. அவர் தன் பெயரைச் சொல்லணும்னு கூட யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தா "போலீஸ் கேஸ் ஆயிரும்"னு பயந்து தாண்டிப் போகாதீங்க.

கூட்டத்தோட கணக்கு

இப்போ பத்து பைக் கோஷ்டிக்கு வருவோம். 60 கிமீ வேகம்னா ஒரு நொடிக்கு 16.7 மீட்டர். முன்னாடி போற வண்டிக்கும் நமக்கும் ரெண்டு நொடி இடைவெளி இருக்கணும். அதாவது சுமார் 33 மீட்டர். பத்து பைக் ஒரே வரிசையில போனா ஒன்பது இடைவெளி. மொத்த நீளம் 300 மீட்டர்!

பின்னாடி 80 கிமீ வேகத்துல ஒரு பஸ் வருது. அது உங்களைத் தாண்டணும். வேக வித்தியாசம் 20 கிமீ, நொடிக்கு 5.6 மீட்டர். 300 மீட்டரைக் கடக்க 54 நொடி. அதுக்குள்ள பஸ் 1.2 கிமீ ஓடியிருக்கும். எதிரில் 60-ல் வரும் வண்டி 0.9 கிமீ வந்திருக்கும். ஆக அந்த பஸ்ஸுக்கு எதிரே 2.1 கிமீ காலி ரோடு வேணும். பாம்பன் சாலைப் பாலத்தோட நீளமே சுமார் 2.3 கிமீதான்!

அவ்வளவு காலி ரோடு ரெண்டு வழிச்சாலையில கிடைக்காது. டிரைவர் என்ன செய்வார்? பாதி தூரம் தாண்டிட்டு, எதிரில் லாரி வந்ததும் இடது பக்கம் ஒடிப்பார். அங்கே உங்க அஞ்சாவது பைக் இருக்கும்.

இதே கணக்கை மூணு பைக்குக்குப் போடுங்க. ரெண்டு இடைவெளி, 67 மீட்டர், 12 நொடி. தேவையான காலி ரோடு அரை கிமீக்கும் குறைவு. பஸ் நிம்மதியாப் போயிரும், நாமளும்தான்.

ரப்பர் பேண்ட் பிரச்சினை

2008-ல் ஜப்பானில் ஒரு ஆராய்ச்சிக் குழு தங்கள் சோதனை முடிவை வெளியிட்டது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்துல தானாகவே டிராஃபிக் ஜாம் உருவாயிடுச்சு. ஒருத்தர் லேசா வேகம் குறைச்சா, பின்னாடி இருப்பவர் கொஞ்சம் கூடுதலாக் குறைப்பார், அவருக்குப் பின்னாடி இருப்பவர் நின்றே விடுவார். அலை பின்பக்கமாப் பெருசாகிக்கிட்டே போகும்.

பைக் வரிசையிலும் இதேதான். பரமக்குடியில் ஒரு வேகத்தடை, ஒரு மாடு, ஒரு ஷேர் ஆட்டோ. முதல் பைக் தாண்டி 60-ஐப் பிடித்துவிடும். கடைசி பைக் வெளியே வர 30 நொடி தாமதமானால் இடைவெளி 500 மீட்டர் கூடியிருக்கும். அதை 80-ல் துரத்திப் பிடிக்க ஒன்றரை நிமிஷம் ஆகும். அடுத்த ஊர்ல மறுபடி அதே கதை. ராமநாதபுரம் டீக்கடையில நிறுத்தும்போது முன்னாடி வந்தவன் "நாம 60 தாண்டவே இல்லை"ன்னு சத்தியம் பண்ணுவான். கடைசியா வந்தவன் முழு நேரமும் 80, 85-ல் விரட்டியிருப்பான். ரெண்டு பேரும் பொய் சொல்லலை.

இதுல கொடுமை என்னன்னா, வழக்கமாக் கடைசியா மாட்டுறது புதுசா ஓட்டக் கத்துக்கிட்ட பையன்தான். கூட்டத்துலயே அனுபவம் குறைஞ்சவன் கையில் கூட்டத்துலயே அதிகமான வேகம்.

ஃப்ரெண்ட் பாக்குறான்!

மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கு. கார் ஓட்டும் கம்ப்யூட்டர் கேம் ஒன்றைச் சிலரைத் தனியாகவும், சிலரை நண்பர்கள் பார்க்கும்போதும் ஆட வைத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. 13 முதல் 16 வயதுக்காரர்கள் நண்பர்கள் முன்னால் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ரிஸ்க் எடுத்தார்கள். 18 முதல் 22 வயதுக்காரர்கள் ஒன்றரை மடங்கு. 18 முதல் 22-னா யாருன்னு நான் சொல்லணுமா?

"ஃப்ரெண்ட்ஸோட போனா பாதுகாப்பு"ன்னு வீட்டுல சொல்றது, விழுந்த பிறகு உண்மை. விழுவதற்கு முன் அப்படி இல்லை.

பாலமும் மணலும்

இந்த ரூட்டில் ரெண்டு இடத்துக்குத் தனிப் பாடம் வேணும்.

முதலாவது பாம்பன் சாலைப் பாலம், 1988-ல் திறந்தது. பக்கத்தில் இருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிமீ தாண்டினால் ரயிலை விடாமல் சிக்னல் சிவப்பாகிவிடும். சாலைப் பாலத்தில் பைக்குக்கு அப்படி சிக்னல் எதுவும் இல்லை. நாமதான் முடிவு பண்ணணும். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 30 கிமீ காற்று 60 ஆனால் தள்ளுவது ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. ஆடி மாசம் ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது காத்து வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். நாம வண்டியை வலப்பக்கம் சாய்த்துச் சமாளிப்போம். எதிரில் ஒரு பஸ் வந்து அந்தக் காற்றை மறைக்கும். அந்த ஒரு நொடியில் வண்டி பஸ் பக்கமே இழுக்கும். பஸ் போனதும் இடப்பக்கம் தள்ளும். இந்த ஆட்டத்துக்கு ரெண்டு பக்கமும் இடம் வேணும். பக்கத்துல இன்னொரு பைக் ஒட்டி வந்தா அந்த இடம் இருக்காது. பாலத்தில் எத்தனை பேராக இருந்தாலும் ஒற்றை வரிசைதான். செல்ஃபிக்கு வண்டியை நிறுத்தவே வேண்டாம்.

ரெண்டாவது, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான 9.5 கிமீ ரோடு. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகு ரொம்ப வருஷம் மணலில் ஜீப்பும் வேனும்தான் போய் வந்தன. 2017-ல்தான் இந்தத் தார்ச்சாலை திறந்தது. ஒரு பக்கம் பெண் கடல், மறுபக்கம் ஆண் கடல், நடுவில் நேர்கோடா ரோடு. பாத்ததும் கை தானா முறுக்கும். ஆனால் காற்று மணலைத் தார் மேல் கொண்டுவந்து போட்டிருக்கும். டயருக்கும் ரோட்டுக்கும் உராய்வு பாதியாகக் குறைந்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்காகும். ஏபிஎஸ் வீல் லாக் ஆகாமப் பாத்துக்கும். இல்லாத உராய்வை அதால உண்டாக்க முடியாது. தனுஷ்கோடியில பெட்ரோல் பங்க் கிடையாது, ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கோங்க. இருட்டின பிறகு அங்கே இருக்க அனுமதி இல்லை. மதியமே போய் வந்திருங்க.

அப்போ என்ன பண்ணலாம்?

தனியா போறவங்களுக்கு:

1. ஒரே ஒரு ஆளிடமாவது ரூட்டும் நேரமும் சொல்லிட்டுப் போங்க. ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி ஒரு மெசேஜ். "இத்தனை மணிக்குள்ள மெசேஜ் வரலைன்னா கூப்பிடு, எடுக்கலைன்னா 108-க்கும் போலீசுக்கும் சொல்லு"ன்னு முன்கூட்டியே பேசி வெச்சுக்கோங்க.
2. ரோட்டோர கிலோமீட்டர் கல்லைப் பாத்துக்கிட்டே போங்க. "பரமக்குடி தாண்டி எங்கேயோ" என்பதை விடக் கல்லில் உள்ள எண் ஆம்புலன்ஸுக்கு உதவும்.
3. ரத்த வகையும் வீட்டு நம்பரும் ஒரு பேப்பரில் பர்ஸுக்குள் இருக்கட்டும். போன் லாக்கா இருந்தாலும் பேப்பரைப் படிக்கலாம்.
4. இருட்டுறதுக்கு முன்னாடி ராமநாதபுரமாவது வந்து சேருங்க.

கூட்டமா போறவங்களுக்கு:

1. மூணு, நாலு பைக்குக்கு மேல் ஒரு அணியில் வேண்டாம். பத்து பைக்னா மூணு அணி, பத்து நிமிஷ இடைவெளி.
2. அனுபவசாலி முன்னாடி. புதுசா ஓட்டுறவன் அவனுக்கு அடுத்து, ரெண்டாவது இடத்தில். அவனோட வேகம்தான் அணியோட வேகம். கடைசியில் இன்னொரு அனுபவசாலி, பஞ்சர் கிட், முதலுதவிப் பையோட.
3. சந்திக்கும் இடங்களை முன்னாடியே குறிச்சுக்கோங்க: மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம். நடுவில் பிரிஞ்சா யாரும் யாரையும் துரத்திப் பிடிக்கக் கூடாது. அடுத்த இடத்தில் காத்திருப்பாங்கன்னு தெரிஞ்சா ரப்பர் பேண்ட் பிரச்சினையே வராது.
4. ஓவர்டேக் பண்றது அவங்கவங்க முடிவு. முன்னாடி போனவன் "வா"ன்னு கை காட்டினாலும், உங்க கண்ணுக்கு ரோடு காலியாத் தெரியணும்.
5. யார் வேணும்னாலும் "எனக்கு டயர்டா இருக்கு"ன்னு சொல்லலாம். சொன்னா எல்லாரும் நிறுத்தணும். கிண்டல் கிடையாது.
6. தேதி பாத்துக்கோங்க. இமானுவேல் சேகரன் நினைவு நாள் (செப்டம்பர் 11), தேவர் குருபூஜை (அக்டோபர் 30) சமயத்தில் மாவட்டத்தில் தடை உத்தரவு இருக்கும். கூட்டமா பைக்ல வர்றவங்களை, டூருக்கு வந்தவங்களா இருந்தாலும், போலீஸ் நிறுத்தி விசாரிக்கும்.

பட்டியலைப் பாத்தீங்கன்னா ஒண்ணு புரியும். தனியா போறவனுக்கு நாம கொடுக்கிறது கூட்டத்தோட பலம்: யாரோ ஒருத்தர் அவனைக் கவனிச்சுக்கிட்டு இருக்காங்க. கூட்டமா போறவனுக்குக் கொடுக்கிறது தனி ஆளோட சுதந்திரம்: தன் வேகம், தன் முடிவு. இது ரெண்டும் இருந்தா எப்படி வேணும்னாலும் போங்க. ரெண்டும் இல்லைன்னா மதுரையிலிருந்து ரயில் இருக்கு. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்து மேல ஜன்னலோரமா உக்காந்து ராமேஸ்வரம் போகலாம், அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

அடுத்த டிரிப்புக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கிறவங்க, குரூப்புக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடி கடைசி பைக் யாருன்னு முடிவு பண்ணுங்க. பேரை அப்புறம் வெச்சுக்கலாம்.