அம்மாளின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதா?

வைகாசிப் பொங்கலன்று முல்லைத்தீவுப் பக்கம் போகும் பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது. நந்திக்கடல் ஓரத்தில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில். கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று எல்லாத் திசையிலிருந்தும் சனம் வந்து குவியும். காவடி ஒரு பக்கம், பாற்செம்பு ஒரு பக்கம், புதுப்பானையோடு பொங்கல் வைப்பவர்கள் இன்னொரு பக்கம். நெரிசலில் பிள்ளை ஒன்று கைதவறிப் போனால் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லித் தேடுவார்கள். டிலக்சன், தர்ஷிகா, நிரோஜன், யாழினி என்று எத்தனையோ பெயர்கள் அதில் வரும். யாருக்காக இத்தனை பேரும் வந்தார்களோ அவளுடைய பெயர் மட்டும் வருவது அபூர்வம்.

கண்ணகி என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழர் இல்லை. அந்தப் பெயரில் ஒரு பெண்ணோடு பழகியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். சிலப்பதிகாரத்தோடு தொடர்புடைய மற்றவர்களுக்கு இந்தக் கதி இல்லை. இளங்கோ இல்லாத பள்ளிக்கூட இடாப்பைக் காண்பது கடினம். மாதவி, மணிமேகலை, செங்குட்டுவன் என்று ஊருக்கு ஒருவராவது கிடைப்பார்கள். கோவலன் என்று பெயர் வைக்காததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. கண்ணகி விஷயம் அப்படியல்ல.

பெயரிலிருந்தே தொடங்கலாம். வன்னியிலும் மட்டக்களப்பிலும் பழைய வாய்களில் அவள் கண்ணகி அல்ல, கண்ணகை. கண்ணும் நகையும் சேர்ந்தது அந்தச் சொல். கண்ணால் சிரிப்பவள் என்று பொருள் சொல்வார்கள். கண்ணோடு நீர் சேர்ந்து கண்ணீர் ஆவதும் இதே புணர்ச்சி விதிப்படிதான். கதை முழுக்கக் கண்ணீர் விட்டவளின் பெயருக்குள் சிரிப்பு இருப்பதை இலக்கண வாத்திமார் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தால் பிள்ளைகள் இரண்டையும் மறந்திருக்க மாட்டார்கள். பாலக்காட்டுப் பக்கத்துக் கோயில்களில் இதே பெயர் கர்ணகி என்று வழங்குகிறது.

சிலம்புக்கு முன்பும் ஒரு கண்ணகி இருந்தாள். கடையெழு வள்ளல்களில் ஒருவனும் மயிலுக்குப் போர்வை தந்தவனுமாகிய பேகனின் மனைவி அவள். பேகன் அவளைப் பிரிந்து வேறொருத்தியோடு இருந்தபோது, திரும்பி வரும்படி கபிலரும் பரணரும் இன்னும் சில புலவர்களும் பாடினார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ள பாட்டுகள் அவை. அந்தக் கண்ணகியும் கணவனால் கைவிடப்பட்டவள். பின்னால் வந்த கண்ணகியும் அப்படியே. பெயரில் ராசி பார்ப்பவர்கள் கையில் இந்தச் செய்தி கிடைக்காமல் இருப்பது நல்லது.

ராசி என்பதே பலர் சொல்லும் முதல் காரணம். பெயர் வைத்தால் அந்த வாழ்க்கையும் ஒட்டிக்கொள்ளும், கல்யாணம் நிலைக்காது என்கிற பயம். கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் சீதை காட்டுக்குப் போனவள், தீக்குளித்தவள், கடைசியில் மண்ணுக்குள் போனவள். சீதா என்று பெயர் வைக்க எந்தத் தாயும் தயங்கியதாகத் தெரியவில்லை. சாவித்திரியும் தமயந்தியும் பட்ட பாடு சொல்லி முடியாது. அந்தப் பெயர்களும் வீட்டுக்கு வீடு இருந்தன. ஆகவே துயரம் மட்டும் காரணம் என்றால் கணக்கு இடிக்கிறது.

வன்னியைப் பொறுத்தவரை பதில் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே அவள் புத்தகத்திலிருந்து வந்தவள் அல்ல. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சிட்டது 1892இல். ஏட்டில் இருந்த காவியம் பொதுவாசகர் கைக்குப் பரவலாக வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஏடும் அச்சும் அறியாத கமக்காரர்களுக்கோ கோயில் பாட்டிலும் கூத்திலும் அவள் கதை தெரிந்திருந்தது. முல்லைத்தீவுப் பகுதிக்கே உரிய முல்லைமோடிப் பாணியில் ஆடப்படும் கோவலன் கூத்துக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு.

கோயில் கதையோ காவியத்தில் இல்லாதது. மதுரையை எரித்த கோபம் ஆறாமல் கடல் கடந்து வந்தவள் ஒவ்வோர் இடமாகத் தங்கிப் பத்தாவது இடத்தில் அமர்ந்தாளாம்; பத்தாம்பளை பத்தாப்பளையாகி, அது வற்றாப்பளை ஆனதென்று ஊரில் சொல்வார்கள். மாடு மேய்த்த சிறுவர்கள் அவளை ஒரு கிழவியாகக் கண்டார்கள். பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள், விளக்கு எரிந்தது. தலை கடிக்கிறது, பார் என்று அவள் குனிந்தபோது தலை முழுவதும் கண்கள். பயந்து போன பிள்ளைகள் நிமிர்வதற்குள் அவளைக் காணவில்லை. கண்ணகை என்ற பெயரில் உள்ள கண்ணுக்கு வன்னிச் சனம் எழுதிய உரை இது என்றே கொள்ளலாம். காவியத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார்கூட இப்படி ஓர் உரையை நினைத்திருக்க மாட்டார்.

அந்தக் கதை ஒவ்வோர் ஆண்டும் திரும்ப நடக்கிறது. பாக்குத்தெண்டலோடு சடங்கு தொடங்கும். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோய், அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். ஒரு வாரம் அது அங்கே எரியும். முதலில் விநாயகருக்குப் பொங்கல், மறுநாள் திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல்.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் தெய்வத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. அம்மாள் என்பார்கள், அம்மாளாச்சி என்பார்கள். பிள்ளைக்குக் கொப்புளிப்பான் போட்டால்கூட அம்மாள் வருத்தம் என்றுதான் சொல்வழக்கு. பெரியவர்களின் பெயரையே வாயால் சொல்லக் கூசும் சமூகம், அம்மாளின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, பின்னேரம் பாடம் படிக்கவில்லை என்று அந்தப் பெயரைச் சொல்லி எப்படி ஏசும்?

மற்றத் தெய்வங்களின் பெயரை வைக்கிறார்களே என்று கேட்கலாம். வைக்கிறார்கள், ஆனால் சுற்றிவந்து. புளியம்பொக்கணையிலும் புதூரிலும் கோயில் கொண்ட நாகதம்பிரானை நம்புகிறவர்கள் வீட்டில் நாகராசா, நாகேஸ்வரி, நாகம்மா எல்லாம் உண்டு. நாகதம்பிரான் என்றே பிள்ளைக்குப் பெயரிடுவது அரிது. கண்ணகிக்கும் இப்படியொரு பக்கவாசல் இருந்தது: பத்தினி. பத்தினிப்பிள்ளை என்ற பெயர் கிழக்கிலும் வன்னியிலும் பாட்டிமார் தலைமுறையில் தாராளமாகப் புழங்கியது. அது பத்தினி அல்ல, பத்தினியின் பிள்ளை, ஏசினாலும் குற்றமில்லை. வவுனியாவில் பத்தினியார் மகிழங்குளம் என்று ஓர் ஊரே இருக்கிறது. சிங்கள மக்களுக்கும் அவள் பத்தினித் தெய்வம்தான். அவளுக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னன் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவன் பத்தினியின் சிலம்பை இலங்கைக்குக் கொண்டுவந்தான் என்பது இராஜாவலிய என்ற சிங்கள நூலின் கதை.

யாழ்ப்பாணத்தில் வேறொரு காற்று வீசியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆகம வழிச் சைவத்தை நிலைநிறுத்தப் பாடுபட்ட ஆறுமுக நாவலர், கண்ணகி வழிபாட்டைச் சமணச் செட்டிப் பெண்ணின் வழிபாடு என்று கடுமையாகக் கண்டித்தார். அங்கே பல கண்ணகி கோயில்கள் காலப்போக்கில் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. கோயிலே பெயரை மாற்றிக்கொண்ட பிறகு தொட்டிலில் அந்தப் பெயர் ஏறுமா? நாவலரின் தமிழ்ப்பணியை எவ்வளவு மதித்தாலும் இந்த இடத்தில் இழப்பு நம்முடையது. வற்றாப்பளை மாறவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பெயரைத் தூக்கி நிறுத்தியது அரசியலும் சினிமாவும். 1942இல் கண்ணாம்பா நடித்த ‘கண்ணகி’, 1964இல் கருணாநிதி வசனத்தில் விஜயகுமாரி நடித்த ‘பூம்புகார்’, 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் வைத்த சிலை. 2001 டிசம்பரில் அந்தச் சிலை அகற்றப்பட்டதும் 2006இல் திரும்ப வந்ததும் பெரிய அரசியல் வழக்காயின. திராவிட இயக்கத்து வீடுகளில் சில கண்ணகிகள் பிறந்தார்கள். சென்னையில் குடிசைவாசிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றிய பகுதிக்குக் கண்ணகி நகர் என்று பெயர் வந்தது. என்றாலும் சிலைக்குக் கிடைத்த ஆதரவில் கால்வாசிகூடத் தொட்டிலுக்குக் கிடைக்கவில்லை.

வன்னியிலும் ஒரு வாய்ப்பு வந்து போனது. பேக்கரிகள் வெதுப்பகம் ஆன காலத்தில் பிள்ளைகளுக்கும் தனித்தமிழ்ப் பெயர் தேடினார்கள். யாழினி, கயல்விழி, தமிழ்ச்செல்வி எல்லாம் பெருகின. வடமொழிக் கலப்பில்லாத கண்ணகை முன்வரிசையில் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. மற்றப் பக்கம், நட்சத்திர எழுத்தும் எண்சாத்திரமும் பார்த்து ‘ஷ’வும் ‘ஜ’வும் கோத்த பெயர்கள் வந்தன. அர்த்தம் கேட்டால் வைத்தவர்களே விழிப்பார்கள்.

2009 மே மாதத்தில் போரின் கடைசி நாட்கள் இதே நந்திக்கடல் கரையில் கழிந்தன. சனம் முகாம்களிலிருந்து மீண்ட பிறகு பொங்கலும் மீண்டது. பேரனை இழந்தவர்களும் கணவனைத் தேடுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள். நீதி கேட்டு அரசவைக்குப் போன ஒருத்தியின் பெயர் அவர்களுக்குப் பழங்கதையாகக் கேட்காது.

பெண்பிள்ளைக்குப் பெயர் தேடும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பெயரை வைக்கத் துணிந்தால், பதிவாளர் முன்னால் போகும்போது எழுத்தை முதலே தீர்மானித்துக்கொண்டு போங்கள். ஆங்கிலத்தில் இலங்கைக்காரர் ‘கே’ போட்டு எழுதுவார்கள், தமிழ்நாட்டார் ‘ஜி’ போடுவார்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒன்றும் கடவுச்சீட்டில் இன்னொன்றும் என்றால் பிள்ளை வளர்ந்து கந்தோர் கந்தோராக அலைய வேண்டும். தமிழில் எழுதும்போது கண்ணகி வேண்டாம். கண்ணகை என்றே பதியுங்கள்.