முதலாளியையே கணக்குக் கேட்கும் உத்தியோகம்

பெங்களூரில் கணக்கு எழுதிப் பிழைக்கும் தமிழர்கள் ஏராளம். பி.காம். படித்துவிட்டுப் பீனியாவிலும் ஒயிட்பீல்டிலும் பில் சரிபார்த்தே காலத்தைக் கழிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பரீட்சை ஒன்று இருக்கிறது. பெயர் "சி.ஐ.ஏ." அமெரிக்க உளவாளிகளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! "சர்ட்டிபைடு இண்டர்னல் ஆடிட்டர்" என்பதன் சுருக்கம் இது.

ஆண்டு முடிவில் வெளியில் இருந்து ஆடிட்டர் வந்து கையெழுத்துப் போடுவார். உள்தணிக்கையாளர் பெரும்பாலும் கம்பெனியின் சம்பளக்காரர். சரக்கு வாங்குவது, சம்பளம் போடுவது, கம்ப்யூட்டருக்குள் யார் நுழையலாம் என்பது வரை ஓட்டை எங்கே என்று ஆண்டு முழுவதும் தேடுவது அவர் வேலை. ரெயில் நிலையத்தில் திடீரென்று வந்து நின்று கல்லாவை எண்ணும் அக்கவுண்ட்ஸ் இன்ஸ்பெக்டரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சம்பளம் தருகிறவர் மீதே குற்றம் கண்டுபிடிப்பது எப்படி? சங்கடம் அங்கேதான்.

அமெரிக்காவில் வேர்ல்டுகாம் டெலிபோன் கம்பெனியின் உள்தணிக்கைத் தலைவி சிந்தியா கூப்பர். 2002-ல் "இப்போது வேண்டாம், தள்ளிப்போடு" என்று மேலதிகாரி சொல்லியும் அவர் கேட்கவில்லை. தன் குழுவினருடன் இரவு நேரத்தில் கணக்கைக் குடைந்தார். செலவைச் சொத்தாகக் காட்டிய 380 கோடி டாலர் மோசடி வெளிவந்தது.

நம் நாட்டில் நடந்தது வேறு. 2009-ல் அம்பலமான சத்யம் கம்ப்யூட்டர்ஸ் வழக்கில், 2015-ல் ஐதராபாத் தனிக் கோர்ட்டு 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் உள்தணிக்கைத் தலைவரும் ஒருவர்!

யார் எழுதலாம்?

பரீட்சையை நடத்துவது 1941-ல் அமெரிக்காவில் தோன்றிய உள்தணிக்கையாளர் சங்கம். பெங்களூரிலும் அதற்குக் கிளை உண்டு. மொத்தம் 3 தாள். முதல் தாளில் 125 கேள்விகள், மற்ற இரண்டில் நூறு நூறு. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். ஆனால் மனப்பாடம் உதவாது.

பட்டதாரிக்கு 2 ஆண்டு அனுபவம் தேவை. பரீட்சையை முதலில் எழுதிவிட்டு அனுபவத்தைப் பின்னால் காட்டலாம். பட்டம் இல்லாதவரும் உள்தணிக்கையில் 5 ஆண்டு வேலை பார்த்திருந்தால் எழுதலாம். 3 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்.

2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 138-வது பிரிவு, பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் உள்தணிக்கையாளரை நியமிக்கக் கட்டாயப்படுத்துகிறது. சி.ஏ. படித்தவர்தான் வேண்டும் என்பதில்லை. டைரக்டர்கள் முடிவு செய்யும் வேறு தொழில் வல்லுநரையும் நியமிக்கலாம்.

தமிழிலோ கன்னடத்திலோ பரீட்சை கிடையாது. நம்மவர்கள் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்.